இரண்டரை வயது, பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை: ஆட்டிசமா என்று எப்படி உறுதி செய்வது?

கேள்வி இதுதான்: "மகனுக்கு இரண்டரை வயது. ஏபிசிடி முழுக்கச் சொல்கிறான், ஐம்பது வரை எண்ணுகிறான், விளம்பரப் பாட்டெல்லாம் ராகத்தோடு வருகிறது. ஆனால் என்னை 'அம்மா' என்று கூப்பிடுவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒன்றரை வயதில் சொன்ன நாலைந்து வார்த்தைகளும் போய்விட்டன. ஒரு டாக்டர் ஆட்டிசமாக இருக்கலாம் என்கிறார், இன்னொருவர் மூன்று வயது முடியட்டும் என்கிறார். மாமியார் 'அவன் அப்பனே நாலு வயசுலதான் பேசினான்' என்கிறார். மூளை ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமா? செல்போன் காட்டியதுதான் காரணமா? ஏழு மாதத்தில் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறாள். அவளுக்கும் வருமா?"

ஸ்கேனிலிருந்து ஆரம்பிக்கிறேன், முதலில் பணம் போவது அங்கேதான். ஆட்டிசத்தைக் காட்டிக்கொடுக்கும் ஸ்கேன் எதுவும் கிடையாது, ரத்தப் பரிசோதனையும் கிடையாது. வலிப்பு வந்திருந்தால், தலையின் சுற்றளவு வயதுக்குப் பொருந்தாமல் இருந்தால், ஒரு பக்கக் கை கால் பலவீனமாக இருந்தால் எம்ஆர்ஐ, இஇஜி (மூளையின் மின் அலைகளைப் பதிவது) எழுதித் தருவார்கள். அது வேறு நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. ஆட்டிசமுள்ள பெரும்பாலான குழந்தைகளின் எம்ஆர்ஐ அறிக்கை 'நார்மல்' என்றுதான் வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு "ஒன்றுமில்லையாம்" என்று ஒரு வருடத்தைக் கழித்துவிடும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன்.

அப்படியானால் எதை வைத்துச் சொல்கிறார்கள்? குழந்தை பிறந்ததிலிருந்து வளர்ந்த கதையைப் பெற்றோரிடம் கேட்டும், குழந்தை எப்படி விளையாடுகிறான், எப்படிப் பழகுகிறான் என்று நேரில் கவனித்தும்தான். வெறும் கண்ணால் பார்த்துச் சொல்வதா என்ற சந்தேகம் வரும். ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்குக் கறாரான வரையறை இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் கொண்டுவந்த டிஎஸ்எம்-5 என்ற கையேடு, உலக சுகாதார நிறுவனத்தின் 2022 முதல் நடைமுறையில் இருக்கும் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியல் ஆகிய இரண்டையும்தான் உலகமெங்கும் மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன.

டிஎஸ்எம்-5 கணக்கைச் சொல்கிறேன். முதல் பிரிவு, மனிதர்களோடு தொடர்பு கொள்வது. இதில் மூன்று அம்சங்கள்: மற்றவரோடு கொடுத்து வாங்கிப் பழகுவது; பார்வை, முகபாவம், சைகை ஆகியவற்றைப் பயன்படுத்துவது; உறவை ஏற்படுத்தி அதை வளர்ப்பது. மூன்றிலுமே சிக்கல் இருக்க வேண்டும், இரண்டு இருந்தால் போதாது. இரண்டாம் பிரிவு, திரும்பத் திரும்பச் செய்யும் வழக்கங்கள். ஒரே அசைவை அல்லது பேச்சைத் திருப்பித் திருப்பிச் செய்வது, எதுவும் மாறக்கூடாது என்ற பிடிவாதம், ஏதோ ஒன்றில் அளவு மீறிய ஈடுபாடு, சத்தம், தொடுகை, வெளிச்சம் போன்றவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வது என்ற நான்கில் இரண்டாவது இருக்க வேண்டும். இவை சின்ன வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும், பொதுவான அறிவுவளர்ச்சிக் குறைபாட்டால் மட்டுமே விளங்கிவிடுவதாக இருக்கக்கூடாது.

இந்தப் பட்டியலில் பேச்சுத் தாமதம் என்பது எங்குமே இல்லை, கவனித்தீர்களா? பேச்சு தாமதமாக வரும் குழந்தை எல்லாம் ஆட்டிசக் குழந்தை ஆகிவிடாது. நன்றாகப் பேசும் பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கவும் கூடும். அதனால் உங்கள் மாமியார் சொல்வது அவர் மகன் விஷயத்தில் முழு உண்மையாகவே இருக்கலாம். அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "அத்தை, பேச்சு வர்றதுக்கு முன்னாடி அவர் தனக்கு வேணுங்கிறதை எப்படிக் காட்டினார்?" வெறுமனே பேச்சு மட்டும் தாமதப்படும் குழந்தை வாயைத் தவிர மற்ற எல்லாவற்றாலும் பேசும். விரலை நீட்டும், இழுக்கும், தலையாட்டும், முகத்தைப் பார்த்துச் சிணுங்கும், புரியவில்லை என்றால் கோபித்துக்கொண்டு மறுபடியும் காட்டும். சைகையும் பார்வையும் சேர்ந்தே குறைந்திருக்கும்போதுதான் ஆட்டிசத்தைப் பற்றி யோசிக்கிறோம்.

விரல் நீட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்த வயதில் இதைவிட நல்ல ஜன்னல் வேறு கிடையாது. குழந்தை இரண்டு காரணங்களுக்காக விரல் நீட்டும். ஒன்று, கேட்பதற்கு: அலமாரி மேல் இருக்கும் பிஸ்கட் டப்பாவைக் காட்டுவது. இன்னொன்று, பகிர்வதற்கு: வானத்தில் விமானம் போகிறது, குழந்தை அதைக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது, நீங்களும் பார்த்தீர்களா என்று உறுதி செய்துகொள்கிறது. அந்த விமானம் அதற்கு வேண்டியதில்லை. நீங்களும் சேர்ந்து பார்த்தால் போதும், அதுதான் சந்தோஷம். ஒன்றேகால், ஒன்றரை வயதுக்குள் வந்துவிட வேண்டிய இந்தப் பகிரும் சைகை ஆட்டிசத்தில் வராமல் இருக்கும், அல்லது மிக அபூர்வமாக வரும். கேட்பதற்கான சைகை ஓரளவு இருந்தாலும் இருக்கும். அதுவும் இல்லாத குழந்தைகள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் ஃப்ரிட்ஜ் கதவின் மேல் வைத்துவிடுவார்கள். முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

வீட்டில் நீங்களே கவனிக்கலாம். ஜன்னலைக் காட்டி "அங்க பாரு, காக்கா!" என்று சொல்லுங்கள். அவன் உங்கள் விரல் போகும் திசையில் பார்க்கிறானா, விரலையே பார்க்கிறானா, எதையும் பார்க்கவில்லையா? கீழே விழுந்து அடிபட்டால் ஆறுதலுக்கு உங்களிடம் ஓடி வருகிறானா? புதிதாக ஒரு பொம்மை கிடைத்தால் கொண்டுவந்து உங்கள் முகத்துக்கு நேரே நீட்டுகிறானா? 'சாமி கும்பிடு', 'டாட்டா சொல்லு' எல்லாம் யாரும் கையைப் பிடித்துச் செய்ய வைக்காமலே செய்கிறானா? அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. அவன் ஏதாவது விளையாட்டில் இருக்கும்போது பின்னால் நின்று சாதாரணக் குரலில் கூப்பிட்டுப் பாருங்கள். கத்தவோ கை தட்டவோ வேண்டாம். எல்லாக் குழந்தையும் சில நேரம் காதில் வாங்காது. ஆனால் பெயருக்குத் திரும்பவே திரும்பாத பிள்ளை பக்கத்து அறையில் சிப்ஸ் பாக்கெட் பிரிக்கும் சத்தத்துக்கு ஓடி வருகிறான் என்றால், அதைக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள்.

அடுத்து ஏபிசிடி. "இவ்வளவு ஞாபகசக்தி இருக்கும் பிள்ளைக்கு என்ன குறை இருக்க முடியும்?" என்று தாத்தாக்கள் கேட்பார்கள். ஞாபகசக்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எழுத்து, எண், கார் கம்பெனிச் சின்னம், பஸ் நம்பர் என்று மாறாத வடிவங்கள் சில ஆட்டிசக் குழந்தைகளை அபாரமாக ஈர்க்கும். ஆனால் ஐம்பது வரை எண்ணும் பிள்ளைக்கு "ரெண்டு பிஸ்கட் எடு" என்றால் புரியாமல் இருக்கலாம். சொல்லத் தெரிந்த வார்த்தை எத்தனை என்பதைவிட அவற்றை யாரிடம், எதற்காகப் பயன்படுத்துகிறான் என்பதைத்தான் நாங்கள் பார்ப்போம். விளம்பரத்தை அப்படியே ஒப்பிப்பதும், நாம் கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்வதும் எதிரொலிப் பேச்சு. தாகமாக இருக்கும்போது "உனக்குத் தண்ணி வேணுமா?" என்று வந்து கேட்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். நாம் தண்ணீர் தரும்போது சொன்ன வாக்கியம் முழுசாக அவனுக்குள் பதிந்து, 'எனக்குத் தாகம்' என்பதற்குப் பதிலாக வெளியே வருகிறது. அது அர்த்தமில்லாத உளறல் கிடையாது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே பேச்சைக் கட்டலாம் என்பதால் அடக்கப் பார்க்காதீர்கள்.

திரும்பத் திரும்பச் செய்வதில் எல்லோருக்கும் தெரிந்தது கையை உதறுவது, தன்னையே சுற்றுவது, நுனிக்காலில் நடப்பது, கார் பொம்மையைக் கவிழ்த்துச் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருப்பது, ஃபேனையே பார்த்துக்கொண்டிருப்பது. இவற்றில் ஏதோ ஒன்று எந்தக் குழந்தையிடமும் இருக்கலாம். சும்மா நுனிக்காலில் நடக்கும் பிள்ளைகள் நிறைய உண்டு. அதைவிட எனக்கு அதிகம் சொல்வது சொப்புச் சாமான். இரண்டு வயதுப் பிள்ளை கையில் கொடுத்தால் இல்லாத சாம்பாரைக் கிண்டி, ஊதி, "இந்தா" என்று நம் வாயில் வைக்கும். இன்னொரு பிள்ளை அதையே அளவு வாரியாக வரிசையாக அடுக்கும். ஒன்றை நகர்த்தினால் வீடே இரண்டாகிவிடும். இல்லாததை இருப்பதாக நினைத்து, அதில் இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளும் அந்த விளையாட்டு வராமல் இருப்பது கை உதறுவதைவிடக் கனமான அறிகுறி.

சத்தம், தொடுகை விஷயத்தை 2013க்கு முன் வரையறையில் சேர்த்திருக்கவில்லை. பெற்றோர்களோ அதைத்தான் முதலில் சொல்வார்கள். குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவது, மிக்ஸி போட முடியாது, முடிவெட்டும் கடையில் ரகளை, தயிர் சாதம் தவிர வேறெதையும் வாயில் வைப்பதில்லை, சட்டையில் லேபிள் இருந்தால் கழற்றி எறிவது. இதற்கு நேர்மாறாக, நல்ல அடிபட்டும் அழாத பிள்ளைகளும் உண்டு. இதைச் செல்லம் கொடுத்துக் கெடுத்ததாக நினைத்து அதட்டினால் பயன் இருக்காது. அந்தச் சத்தம் அவனுக்கு உண்மையிலேயே தாங்க முடியாததாக இருக்கிறது.

கண்ணைப் பார்க்கிறானே, கட்டிப்பிடிக்கிறானே, சிரிக்கிறானே, அப்போது ஆட்டிசம் இல்லைதானே என்று கேட்காதவர்கள் குறைவு. சில குழந்தை மருத்துவர்களே ஒருமுறை கண்ணைப் பார்த்துவிட்டு "இல்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பாசம் உண்டு. கிச்சுகிச்சு மூட்டினால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அம்மாவோடு ஒட்டிக்கொள்வார்கள். பார்வை இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான். பார்வையும் சிரிப்பும் சைகையும் குரலும் ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரே நேரத்தில், ஒரு விஷயத்தைச் சொல்வதற்காக வருகின்றனவா என்பது மீதிப் பாதி. அதைப் பத்து நிமிட ஓபியில் கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் கடிதத்தில் நான் கோடு போட்ட வரி, இருந்த வார்த்தைகள் போய்விட்டன என்பது. ஆட்டிசக் குழந்தைகளில் ஏறக்குறைய 30 சதவீதம் பேரிடம் இது நடக்கிறது. பெரும்பாலும் ஒன்றேகால் வயதிலிருந்து இரண்டு வயதுக்குள், வந்த சொற்களும் டாட்டா போன்ற சைகைகளும் மெல்ல நின்றுவிடுகின்றன. எந்த வயதிலும் ஒரு குழந்தை கற்றதை இழந்தால் காத்திருந்து பார்க்கும் பேச்சே கூடாது. அவன் திடீரென்று சில நொடிகள் வெறித்துப் பார்த்து உறைகிறானா, தூக்கத்தில் வெட்டி இழுக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்படி இருந்தால் இஇஜி எடுப்பதில் அர்த்தம் உண்டு.

எந்த முடிவுக்கும் போவதற்கு முன் காது. பாட்டு முழுக்க வருகிறதே, காது நன்றாகத்தானே கேட்கிறது என்று இதைத் தவிர்க்காதீர்கள். பகுதி அளவு கேட்கும் குறைபாடும், நடுக்காதில் நீர் கோத்திருப்பதும் வீட்டில் கண்டுபிடிக்க முடியாதவை. இந்த வயதில் செவித்திறன் நிபுணர் பெரா எனும் கேட்கும் திறன் சோதனை செய்வார். குழந்தையைத் தூங்க வைத்து, தலையில் ஒட்டும் கம்பிகள் மூலம் பார்ப்பது, வலிக்காது. இதோடு, ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம், மொழி வளர்ச்சியில் மட்டும் கோளாறு, ஏடிஎச்டி எனும் அதிதுடிப்பு ஆகியவை வெளிப்பார்வைக்கு ஆட்டிசம் போலவே தோன்றலாம். ஒன்றோடொன்று சேர்ந்தும் இருக்கலாம். ஆட்டிசம், ஏடிஎச்டி இரண்டையும் ஒரே குழந்தைக்கு எழுதக்கூடாது என்று 2013 வரை அமெரிக்கக் கையேட்டில் தடையே இருந்தது, இப்போது இல்லை.

இணையத்தில் கிடைக்கும் எம்-சாட் கேள்வித்தாளைப் பலரும் தாங்களே நிரப்பி, வந்த மார்க்கைப் பார்த்து அழுகிறார்கள். அது 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான, 20 கேள்விகள் கொண்ட முதல்நிலைச் சல்லடை. 0 முதல் 2 வந்தால் அபாயம் குறைவு, 3 முதல் 7 நடுத்தரம், 8ம் அதற்கு மேலும் அதிகம். நடுத்தரம் வந்தால் பயிற்சி பெற்ற ஒருவர் அதே கேள்விகளை விவரமாக மறுபடி கேட்க வேண்டும் என்பது அந்தக் கருவியின் விதி. இந்தப் பாதிதான் வீட்டில் நிரப்பும்போது விட்டுப்போகிறது. நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்பது மாதிரியான அளவுதான் அதன் துல்லியம். அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், இரண்டு கட்டத்திலும் மாட்டிய குழந்தைகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குத்தான் ஆட்டிசம் உறுதியானது. ஆனால் 95 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வளர்ச்சிச் சிக்கல் இருந்தது. அதனால் மார்க் அதிகம் வந்தால் ஆட்டிசம் என்று முடிவு கட்டவும் வேண்டாம், ஒன்றுமில்லை என்று தள்ளிவிடவும் வேண்டாம். உங்கள் மகன் 30 மாத விளிம்பில் இருக்கிறான். அவன் விஷயத்தில் சல்லடையைத் தாண்டி நேராக முழு மதிப்பீட்டுக்கே போகலாம்.

முழு மதிப்பீடு யார் செய்வது? வளர்ச்சிசார் குழந்தை மருத்துவர், குழந்தைகள் மனநல மருத்துவர், குழந்தை நரம்பியல் மருத்துவர் இவர்களில் ஒருவரும், அவரோடு மருத்துவ உளவியலாளரும், பேச்சுப் பயிற்சியாளரும் இருந்தால் நல்லது. அரசுப் பக்கம், ஆர்பிஎஸ்கே எனும் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் கீழ் நடக்கும் டிஇஐசி எனும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் கேட்டுப் பாருங்கள், பணம் கட்ட வேண்டாம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் தேசிய நிறுவனம், வேலூர் சிஎம்சி, பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகியவற்றிலும் இதற்கான பிரிவுகள் உண்டு. காத்திருக்க வேண்டியிருக்கும், பெயரை முதலில் பதிந்துவிடுங்கள். ஒரு தெரபி சென்டர் மட்டும் பார்த்து, அவர்களே ஆட்டிசம் என்று சொல்லி, அவர்களே வாரம் ஐந்து நாள் பேக்கேஜும் விற்றால் அதை நோயறிதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அன்று என்ன நடக்கும்? கர்ப்ப காலம், பிரசவம், முதல் சிரிப்பு, முதல் சொல், எப்போது என்ன நின்றது என்று நிறையக் கேட்பார்கள். குழந்தைகள் நல ஏட்டையும் பழைய வீடியோக்களையும் கொண்டுபோங்கள். முதல் பிறந்தநாள் வீடியோ பல நேரம் பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடும். பெயர் வைத்த விழா, பாட்டி வீடு, மற்ற குழந்தைகளோடு இருந்தது, வீட்டில் சும்மா விளையாடியது என்று கலந்து எடுங்கள். புது இடத்தில் பயந்துபோன குழந்தை தன் இயல்பைக் காட்டாது என்பது எங்களுக்கும் தெரியும், வீடியோ அதற்குத்தான். அப்புறம் தரையில் உட்கார்ந்து விளையாடுவார்கள். சோப்புக் குமிழி ஊதி நிறுத்திவிட்டு அவன் எப்படி 'இன்னும்' கேட்கிறான் என்று பார்ப்பார்கள், பலூனை ஊதிப் பறக்கவிடுவார்கள், பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடுவார்கள். விளையாட்டு மாதிரி தெரியும், ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. இந்த மாதிரித் திட்டமிட்ட கவனிப்புக்கு உலகளவில் ஏடிஓஎஸ் என்ற கருவி பேர்போனது. விலை அதிகம், பயிற்சி பெற்றவர்கள் குறைவு. இந்தியக் குழந்தைகளுக்காகவே 2 முதல் 9 வயது வரை பயன்படுத்த ஐஎன்டிடி என்ற கருவியை உருவாக்கியிருக்கிறார்கள். அதிலோ கார்ஸ் என்ற அளவுகோலிலோ பார்த்தாலும் போதும். கருவியின் பெயரைவிட அதைக் கையாளும் ஆள் எத்தனை குழந்தைகளைப் பார்த்தவர் என்பது முக்கியம்.

அறிக்கையில் 'மைல்டு', 'மாடரேட்' என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் ஐசா எனும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலின்படி இருக்கும். அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ளோருக்கான செகந்திராபாத் தேசிய நிறுவனம் உருவாக்கியது, 40 கூறுகள், மொத்தம் 200 மதிப்பெண். 70க்குக் கீழே ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். அரசுச் சான்றிதழுக்கு இதைத்தான் பார்க்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சலுகைகளுக்குத் தகுதி. சான்றிதழ் வாங்கினால் பிள்ளை மேல் முத்திரை விழுந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அதை வாங்குவது உங்கள் விருப்பம், பள்ளிக்குக் காட்டுவதும் உங்கள் விருப்பம். ஆனால் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தெரபிச் செலவு உட்படக் கிடைக்க அந்தத் தாள்தான் வேண்டும். இன்னொன்று, இரண்டரை வயதில் போடும் 'மாடரேட்' என்பது அன்றைய நிலை. பத்து வயதில் அவன் எப்படி இருப்பான் என்று அந்த எண் சொல்லாது, எந்த டாக்டராலும் அந்த வயதில் சொல்ல முடியாது.

மூன்று வயது வரை பொறுக்கலாமா? பொறுக்க வேண்டாம். அனுபவமுள்ளவர் பார்த்தால் இரண்டு வயதிலேயே ஆட்டிசத்தை நம்பகமாகச் சொல்ல முடியும். அப்படிச் சொன்னது பெரும்பாலும் பிறகு மாறுவதில்லை. தவிர, தெரபி தொடங்க நோயின் பெயர் தேவையில்லை. பேச்சும் சைகையும் பின்தங்கியிருக்கின்றன என்பதே போதும், மதிப்பீட்டுத் தேதிக்காகக் காத்திருக்கும்போதே ஆரம்பிக்கலாம். ஒருவேளை ஆட்டிசம் இல்லை என்று வந்தாலும் அந்தப் பயிற்சியால் நஷ்டம் எதுவும் கிடையாது. நிபுணர்கள் இல்லாத ஊரில் என்ன செய்வது என்பதற்கும் வழி இருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016இல் வெளியான பாஸ் ஆய்வில், சாதாரண சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் பெற்றோருக்குக் கற்றுத்தந்தார்கள். பெற்றோர் குழந்தையின் கவனத்தைப் பின்தொடர்ந்து பதில் சொல்லும் விதம் தெளிவாக முன்னேறியது, குழந்தையும் பெற்றோரை நோக்கித் தானாகத் தொடர்பு கொள்வது கூடியது.

இங்கே ஒரு சின்னக் கோபத்தையும் கொட்டிவிடுகிறேன். "குழப்பம் வரும், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசக் குழந்தைகளுக்கு அதனால் கூடுதல் தாமதம் வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. தடுமாறி இங்கிலீஷில் நாலு வார்த்தை சொல்லும் அம்மாவைவிட, தமிழில் கொஞ்சிக்கொண்டே இருக்கும் அம்மாவால்தான் அவனுக்கு லாபம். பாட்டியையும் பேசவிடுங்கள்.

செல்போன். 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்று யூடியூபில் ஓடுகிறதே, அப்படி ஒரு நோய் எந்த மருத்துவக் கையேட்டிலும் இல்லை. ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு மிகப் பெரியது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. பெற்றோரின் கூடிய வயது, குறைமாதப் பிரசவம், கர்ப்ப காலத்தில் வால்புரோயேட் எனும் வலிப்பு மாத்திரை போன்றவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. திரை ஆட்டிசத்தை உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டரை வயதில் நாளுக்கு நாலு மணி நேரம் திரை பார்க்கும் பிள்ளை, மனிதர்களோடு பழக வேண்டிய நாலு மணி நேரத்தை இழக்கிறான். ஏற்கெனவே பழகுவதில் சிரமப்படும் பிள்ளைக்கு அது இரட்டை நஷ்டம். அதனால் இன்றே நிறுத்துங்கள், நிறுத்திவிட்டு மதிப்பீட்டுக்கும் போங்கள். நிறுத்தி ஆறு மாதம் பார்ப்போம் என்பதுதான் தவறு.

தாயைக் குற்றம் சொல்லும் வழக்கம் இந்த நோய்க்கு ஆரம்பத்திலிருந்தே ஒட்டிக்கொண்டது. 1943இல் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியதிலிருந்து அடுத்த இருபது வருடம், அன்பில்லாத தாய்களால்தான் இது வருகிறது என்று அமெரிக்காவில் பெரிய டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆட்டிசமுள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் அதை உடைத்தார். நம் ஊரில் அதுவே "வேலைக்குப் போனா", "தனிக்குடித்தனம்", "போனைக் கொடுத்தா" என்று வேறு வேறு வேஷத்தில் வருகிறது. தடுப்பூசியால்தான் ஆட்டிசம் வந்தது என்றும் யாராவது ஆரம்பிப்பார்கள். அதற்கு மூலமான 1998 லான்செட் கட்டுரை 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது, 2010இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வில், தட்டம்மை உள்ளிட்ட நோய்களுக்கான எம்எம்ஆர் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சின்னவளுக்கு ஊசி ஒன்றையும் தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்டெம் செல் போட்டால் சரியாகிவிடும் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே சொல்லிவிட்டது. ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளை மாற்றும் மருந்து இன்றுவரை இல்லை. தன்னையே அடித்துக்கொள்ளும் அளவு ஆவேசம், தூக்கமின்மை, வலிப்பு இவற்றுக்கு மருந்து உண்டு, தேவைப்பட்டால் மருத்துவர் தருவார்.

கடைசியாக உங்கள் மகளைப் பற்றி. மகனுக்கு ஆட்டிசம் என்று உறுதியானால் அவளுக்கான வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட அதிகம்தான். 2024இல் வெளியான பெரிய ஆய்வில், அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருந்த குழந்தைகளில் 20 சதவீதம் பேருக்கும், அதில் தங்கைகளை மட்டும் பார்த்தால் 13 சதவீதம் பேருக்கும் ஆட்டிசம் இருந்தது. அதாவது பெரும்பாலான தங்கைகளுக்கு வருவதில்லை. ஆனால் பெண் பிள்ளைகளில் இதைத் தவறவிடுவது எளிது. மற்றவர்களைப் பார்த்து அப்படியே செய்து சமாளிப்பார்கள், ஈடுபாடும் ரயில், கார் என்றில்லாமல் பொம்மை, பூனை என்று இருக்கும், "கூச்ச சுபாவம்" என்று சொல்லிவிடுவார்கள். பள்ளி, கல்லூரி வந்து, சில சமயம் தாயான பிறகுகூடத் தெரியவரும் பெண்கள் உண்டு. அதனால் ஒன்பது மாதத்தில் பெயருக்குத் திரும்புகிறாளா, ஒரு வயதில் டாட்டா காட்டுகிறாளா, ஒன்றேகால் வயதில் பொருளைக் கொண்டுவந்து காட்டுகிறாளா, ஒன்றரை வயதில் விரல் நீட்டிப் பகிர்கிறாளா என்று பாருங்கள். 18 மாதத்திலும் 24 மாதத்திலும் எம்-சாட்டை உங்கள் குழந்தை மருத்துவரிடமே, அந்த இரண்டாம் கட்டக் கேள்விகளோடு சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். மகனுக்கு இந்த வாரம் பெரா சோதனைக்கு நேரம் வாங்குங்கள். அந்த அறிக்கையோடு வளர்ச்சிசார் மருத்துவரைப் பாருங்கள், முடிந்தால் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் கணவர் சின்ன வயதில் எப்படி இருந்தார் என்ற விவரத்தை டாக்டர் எப்படியும் கேட்பார், அதைச் சொல்லக்கூடியவர் அவர்தான்.